தமிழ் தானாய் வரும்

ரீச்சர் விரித்துக் கொடுத்த புத்தகத்தைக் கௌரி இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சை நிமிர்த்திக் கணீரென்று வாசித்தாள்.

"எங்கள் தோட்டத்தில் கத்தரி உண்டு. வெண்டி உண்டு. மாமா காலையில் தண்ணீர் இறைப்பார். மாமி பூசணிக் கொடிக்குப் பந்தல் போடுவார்."

மார்கழி மழை. பள்ளிக்கூடமாகப் போட்டிருந்த தென்னங்கிடுகுக் கொட்டிலின் கூரை நாலைந்து இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. நீள மர வாங்கின் ஒரு முனையில் நான், மறுமுனையில் ரீச்சர். அவர் அச்சுவேலியிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவர். சேலைக் கரையெல்லாம் சேறு. ஆண்டு மூன்றுக்கு யாரை எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அவருடையது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளை. முழுக்க முழுக்க நான் வீட்டில் வைத்துப் படிப்பித்த பிள்ளை. ஒரு சொல்லில்கூடத் தடக்கவில்லை. வெளியே குடையோடு காத்து நிற்கும் மற்றத் தாய்மாருக்கும் கேட்கட்டும் என்று மனதுக்குள் ஆசைப்பட்டேன். பொய் சொல்லுவானேன், நன்றாகவே ஆசைப்பட்டேன்.

ரீச்சர் எழும்பி வந்து பிள்ளைக்குப் பின்னால் நின்று பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நானும் எழும்பிப் போய்ப் பார்த்தேன்.

பக்கத்தில் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. பாலம் இருந்தது, புகை இருந்தது, பச்சைக் கொடி காட்டும் ஸ்ரேசன் மாஸ்ரர் இருந்தார். தோட்டம் இல்லை. மாமாவும் இல்லை, மாமியும் இல்லை. கௌரியோ அதைப் பற்றிய கவலையே இல்லாமல் பூசணிக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது, தங்கச்சி," என்றார் ரீச்சர். குரலை நன்றாகத் தாழ்த்தித்தான் சொன்னார். வெளியே நின்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று அவருக்கிருந்த எண்ணம்கூட எனக்கு அவமானமாக இருந்தது.

மெசினும் வாய்ப்பாடும்

சென்ற வாரம் இந்தப் பத்தியில், சண்டைக்குப் பயந்து நாங்கள் கீரிமலைப் பக்கத்திலிருந்து எழும்பி மானிப்பாய்க்கு வந்த கதையைச் சொன்னேன் அல்லவா. அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார்: தையல் மெசினைத் தூக்கி வண்டிலில் ஏற்றினீர்களே, பிள்ளையின் புத்தகப் பையை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று. நியாயமான கேள்வி. முப்பது வருஷமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மெசின் இருந்ததால் சாப்பிட்டோம். இவர், அதாவது என் கணவர், கொழும்பில் ஒரு கந்தோரில் படவரைஞராக வேலை பார்த்தார். சண்டையால் பாதை பூட்டியபோது அவர் அங்கே, நாங்கள் இங்கே. பாக்கியம் அக்கா என்றொரு விதவை தன் வீட்டின் முன் அறையை எங்களுக்குத் தந்தார். அறையில் மெசின், ஒரு அலுமாரி, ஒரு பாய், நான், ஆறு வயதுக் கௌரி. அவ்வளவுதான்.

துணி வராத காலம். புதுச்சட்டை தைக்க ஒருவரும் வருவதில்லை. பழைய சட்டைகளின் கொலரை அவிழ்த்து, தேய்ந்த பக்கத்தை உள்ளே போட்டு, மறுபக்கத்தை வெளியே பிரட்டித் தைப்பது என் வேலை. மானிப்பாய் முழுக்க ஆண்கள் பிரட்டின கொலரோடுதான் திரிந்தார்கள். கண்ணை எடுத்தால் ஊசி உடைந்துவிடும். உடைந்தால் வேறு ஊசி கிடையாது.

பள்ளிக்கூடங்களில் எங்களைப் போல எழும்பி வந்த சனங்கள் குடியிருந்தார்கள். திறப்பார்கள், ஒரு கிழமையில் பூட்டுவார்கள். குண்டு போடும் பொம்மர் சத்தம் கேட்டால் பிள்ளையை அனுப்பவும் மனம் வராது. ஆகவே நானே படிப்பிக்கிறேன் என்று இறங்கினேன். நான் கல்யாணத்துக்கு முன் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவள். மீசை முளைத்த பெடியளுக்கு அட்சரகணிதம் சொல்லிக்கொடுத்த எனக்கு ஆறு வயதுப் பெண் ஒரு பொருட்டா என்று நினைத்தேன். திமிர்தான், வேறென்ன.

எப்படிப் படிப்பித்தேன் தெரியுமா? கண் மெசினில், கால் மிதியில், வாய் பாடத்தில். கௌரி மெசினுக்குப் பக்கத்தில் முக்காலியில் இருப்பாள். மிதி ஓடும் தாளத்துக்கு வாய்ப்பாடு சொல்லுவோம். ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று. நேரான தையல் என்றால் வேகமாகப் போகும். கொலர் முனை வந்தால் நான் மெதுவாக்குவேன், அவளும் மெதுவாகச் சொல்லுவாள். பக்கத்து வீட்டார் கேட்டுச் சிரிப்பார்கள்.

பதுங்குகுழிக்குள் போனாலும் பாடம் நிற்காது. உள்ளே பகலிலும் இருட்டு. இருட்டில் வாயால்தானே படிக்கலாம். கொப்பி வாங்கக் கிடைக்காது, பென்சில் கட்டைகளைப் பழைய பேனைக் கூட்டுக்குள் செருகி எழுதிய நாட்கள். வாய்க்கு மட்டும்தான் தட்டுப்பாடு இல்லை.

வாசிப்பு என்று ஒரு பாடம் இருந்தது, இல்லாமலில்லை. யாரோ தந்த ஆண்டு இரண்டுப் புத்தகம் ஒன்றிருந்தது, அந்தக் கத்தரித் தோட்டம் உள்ளது. முதலில் ஓரிரு தடவை நான் வாசித்துக் காட்டினேன். பிறகு அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாசிப்பாள், நான் தைத்துக்கொண்டே கேட்பேன். எனக்கும் அந்தப் புத்தகம் மனப்பாடம். காதுக்கு வந்த சொற்கள் சரியாக இருந்தன. பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் தாள் சத்தமும் சரியாகக் கேட்டது.

ஒரு நாளாவது தலையைத் திருப்பி அவள் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்தேனா? இல்லை. கொலர் முனையைப் பார்த்தேன்.

இலக்கமிட்ட கடிதங்கள்

பாடத்திட்டம் கொழும்பிலிருந்து வந்தது. இவருடைய கடிதங்களைத்தான் சொல்கிறேன்.

கடல்நீரேரியைக் கடந்து வருகிற யாராவது ஒருவரின் மடியில் ஒளிந்து, நாலாக எட்டாக மடிந்து, உப்புக் காற்றில் ஊறி வந்து சேரும். சில கடிதம் மூன்று கிழமையில் வரும், சில இரண்டு மாதம் ஆகும். பிந்தி எழுதினது முந்தி வந்த நாட்களும் உண்டு.

படவரைஞர் அல்லவா, எல்லாவற்றுக்கும் இலக்கம் போடுவார். ஒன்று: கௌரிக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை வரவேண்டும். இரண்டு: இங்கிலிசில் தினமும் ஐந்து சொல். மூன்று: பொது அறிவு. நான்கு: தமிழ் வீட்டுமொழி, அது தானாய் வரும், அதற்கு மினக்கெட வேண்டாம். ஐந்து: மனக்கணக்கு மிக முக்கியம்.

இந்த நாலாவது இலக்கம் கடிதத்துக்குக் கடிதம் வந்தது. நானும் தலையாட்டினேன். தமிழ் தெரியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் உண்டா என்று நினைத்தேன். தமிழுக்கு ஒதுக்கியிருந்த மணித்தியாலத்தை எடுத்து இங்கிலிசுக்குக் கொடுத்தேன். எங்கள் பாட நேரசூசி கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் அதைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியாத காலம் அது. எதையாவது மாற்றினால் எதுவோ முன்னேறுகிறது என்று ஒரு பிரமை.

கடிதங்களில் இல்லாத ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். முதல் கடிதம் வந்த அன்று அதைச் சத்தமாக வாசித்து முடித்தேன். கௌரி காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பா என்னைக் கேட்டு ஒண்டும் எழுதேல்லையோ?"

கேட்டுத்தான் எழுதியிருந்தார், இலக்கம் ஒன்றிலிருந்து ஐந்து வரை. அது ஆறு வயதுக்கு விளங்குமா? மனிதருக்கு அன்பு இல்லாமலில்லை. அந்த ஐந்து இலக்கத்தையும் எந்தக் கந்தோர் மேசையில் எவ்வளவு நேரம் யோசித்து எழுதியிருப்பார் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. கடிதத்தைத் திரும்ப விரித்து, கண்ணைத் தாளில் வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு வரியை வாசித்தேன்.

"என்ரை கௌரிக் குஞ்சு, அம்மாவோடை சண்டை பிடியாமல் வடிவாச் சாப்பிட வேணும். அப்பா வந்தாப் போலை கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேணியிலை நீந்த விடுவன்."

கீரிமலைக்கு யாரும் போக முடியாத காலம். கேணி இருக்கிறதோ இல்லையோ என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஆனால் பிள்ளையின் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் ஒரு வரி வந்தது. கீரிமலை தப்பாமல் வந்தது. கௌரி அந்த வரிக்காகவே முழுக் கடிதத்தையும் பொறுமையாகக் கேட்பாள். வாசித்து முடித்ததும் கடிதங்களை மெசின் பலகைக்குக் கீழே இழுக்கிற லாச்சிக்குள் வைத்து நீல நூலால் கட்டிவிடுவேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாடத்திட்டம்

என்னை மட்டும் குறைசொல்லாதீர்கள். அந்த வருஷங்களில் எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு வீடும் ஒரு கல்வித் திணைக்களம்.

ஒரு வீட்டில் கணக்கு மட்டும்தான். மகன் எஞ்சினியர் ஆக வேண்டுமாம், மகனுக்கு ஏழு வயது. இன்னொரு வீட்டில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பேப்பர்களை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கொடுத்து, பிள்ளை அழ, தாயும் சேர்ந்து அழுதார். கனடாவில் அண்ணன் இருந்த வீட்டில் இங்கிலிசைத் தவிர வேறு பாஷை கதைத்தால் பிள்ளைக்குச் சோறில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். சோறு போட்டார்கள், அது வேறு விஷயம்.

கிணற்றடியில் சந்தித்தால் விலைவாசியைவிடப் பாடத்திட்டம்தான் கூடுதலாக அடிபட்டது. யார் எந்தப் புத்தகத்தில் எத்தனையாம் பாடம் என்று ஒருவரை ஒருவர் நோட்டம் பார்ப்போம். ஒரு புத்தகம் கைமாறினால் மூன்று வீட்டு நேரசூசி மாறும். நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாது, ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை பின்னத்துக்குப் போய்விட்டது என்றால் எங்களுக்குச் சோறு இறங்காது. இப்போது நினைக்கச் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அந்தப் போட்டியில் கௌரிதான் முன்னுக்கு நின்றாள். அவளை வாங்கில் ஏற்றிவிட்டுப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல வைப்பேன். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஒரே மூச்சில் பாட்டாகச் சொல்லுவாள். ஒரு எழுத்தைத் தனியாக எடுத்து முன்னே வைத்து இது என்ன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆண்டு ஒன்று வாங்கு

திரும்பக் கொட்டிலுக்கு வருவோம்.

ரீச்சர் நல்லவர். பிள்ளையை வெளியே மழை பார்க்க அனுப்பிவிட்டு என்னோடு கதைத்தார். வாசிக்காத பிள்ளையை ஆண்டு மூன்றில் விட்டால் அது மற்றப் பிள்ளைகளின் வாயைப் பார்த்தே காலத்தை ஓட்டிவிடும், கெட்டித்தனம் இருப்பதால் இன்னும் மூன்று வருஷம் ஒருவருக்கும் தெரியாமல் ஓட்டும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஆண்டு ஒன்றில் விடலாம். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு சின்ன வாங்கில்.

என்ன நினைத்தாரோ, பிறகு சொன்னார்:

"பொங்கல் முடியக் கொண்டு வாங்கோ. இதே புத்தகம், ஆனால் நான் விரிக்கிற பக்கம். மெள்ள வாசிச்சாலும் பரவாயில்லை, உள்ளதை வாசிச்சால் மூண்டிலை விடுறன்."

வீட்டு வாசல் படலையடியில் நின்று கௌரி கேட்டாள், தான் பிழையாக வாசித்துவிட்டாளா என்று. இல்லை என்றேன். பிறகு ஏன் ரீச்சர் சந்தோஷப்படவில்லை என்றாள். அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. வாசிப்பது என்றால் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு மனதில் உள்ளதைச் சொல்வது என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்திருந்தாள். அதை யார் செய்யக் கண்டாள்? என்னைத்தான் கண்டாள். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும்.

அது எனக்கு அன்றைக்கு விளங்கியது. ஈரச் சேலையோடு மெசின் கதிரையில் இருந்து அழுதேன்.

சரைப் படிப்பு

பொங்கலுக்கு நாலு கிழமைதான் இருந்தது. நேரசூசியைக் கிழித்தேன். இந்த முறை புதிதாக ஒன்றும் எழுதவில்லை.

அவளோடு நேருக்கு நேர் இருந்து பழைய புத்தகத்தை விரித்து, நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தேன். இது என்ன சொல்? அவள் உதடு லேசாக அசைந்தது. முதல் வரியிலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்து, விரல் நின்ற இடத்தில் வாயைத் திறந்தாள். "இறைப்பார்." சரியான விடை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

புதிதாக நாலு வரி எழுதிக் கொடுத்தால் இரண்டாம் தடவையே மனப்பாடம். மனப்பாடமானதும் எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிடுவாள். இரண்டு வருஷமாக நான் தீட்டிக் கொடுத்த ஞாபகசக்தி இப்போது என்னோடு மல்லுக்கு நின்றது. நான் கத்தினேன். அவள் அழுதாள். பாக்கியம் அக்கா வந்து இரண்டு பேரையும் ஏசிவிட்டுப் போனார்.

அவளுக்கு முன்பின் தெரியாத எழுத்து வேண்டும், தினமும் வேண்டும். அதற்கு நான் எங்கே போவேன்? தாளே இல்லாத ஊர்.

வழியைக் காட்டியது மிளகாய்த்தூள். சந்திக் கடையில் சின்னத்துரை அண்ணை தாளைக் கூம்பாகச் சுருட்டிச் சரை கட்டித் தருவார். பழைய பேப்பர், பழைய கொப்பி, எது கிடைக்குதோ அது. ஒருநாள் தூளைப் போத்தலில் கொட்டிவிட்டுச் சரைத் தாளை எறியப் போனேன். அதில் ஏதோ ஒரு பிள்ளையின் எழுத்து. எறியாமல் கௌரியின் கையில் கொடுத்தேன். எனக்கும் தெரியாது என்ன எழுதியிருக்கென்று, நீயே பார், எனக்குச் சொல்லு என்றேன்.

அது பெரிய வித்தியாசம். அதுவரை எனக்குத் தெரிந்ததைத்தான் அவள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அரை மணித்தியாலம் எடுத்தது. மூக்கில் தூள் ஏறித் தும்மித் தும்மி, ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தாள். "அ...த...னா...ல். அதனால். அ...ர...ச...ன். அரசன். த...ன். ம...க...ளை." மகளை? அதற்குமேல் தாள் கிழிந்திருந்தது.

"மகளை என்ன செய்தவன்?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் தானாகவே கடைக்குப் போய், அதே கொப்பியில் சரை கட்டித் தரும்படி சின்னத்துரை அண்ணையோடு நின்று மல்லாடியிருக்கிறாள். அவர் பாவம், கொப்பிக் கட்டையே பிரித்துத் தேடியிருக்கிறார். அரசன் கிடைக்கவில்லை. கணக்குத்தான் கிடைத்தது. அதற்காக அவள் விடவில்லை. சீனிச் சரை, மல்லிச் சரை, பாக்கியம் அக்கா வீட்டுச் சரை எல்லாம் அவளிடம் வந்து சேர்ந்தன. எல்லாம் பாதி. பாதி வாக்கியத்தை மனப்பாடம் பண்ண அவளுக்கு வரவில்லை, முடிவு இல்லாததால் மனதில் நிற்கவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் எழுத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

வைத்தியசாலை வீதியில் லைற் கம்பங்களில் மரண அறிவித்தல்கள் ஒட்டியிருக்கும். கரண்ட் இல்லாத கம்பங்களுக்கு வேறென்ன வேலை. அவற்றையும் வாசித்தாள். மூன்றாவது கம்பத்தடியில் நின்று, இந்த ஊரில் இத்தனை பேருக்கு ஏன் 'அன்னார்' என்று பேர் என்று கேட்டாள். வீதியில் நின்று சிரித்துவிட்டேன். அந்த வருஷத்தில் நான் சிரித்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மெசினைத் தொட நேரமில்லை. பிரட்டாத கொலர்கள் குவிந்தன. பொம்மர் வந்தால் சரைக் கட்டோடு பதுங்குகுழிக்குள் இறங்கி, வாசலில் விழுகிற வெளிச்சத்தில் தாளைப் பிடிப்பாள். உள்ளே வா என்று நான் இழுப்பேன், இந்த வரி முடியட்டும் என்பாள். இரண்டு வருஷத்துக்கு முன் நான் செய்திருக்க வேண்டியதை இப்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிறேனே என்று இருந்தது.

முடிச்சு

ஒருநாள் சரைகள் முடிந்துவிட்டன. கௌரி மெசின் லாச்சியைக் காட்டி, அப்பாவின் கடிதங்களை வாசிக்கட்டுமா என்று கேட்டாள்.

அது பெரியாக்களின் எழுத்து, கூட்டெழுத்து, உனக்கு விளங்காது என்றேன். விளங்கும் என்றாள். வேண்டாம் என்று கத்தினேன். என்னுடைய குரல் எனக்கே வேற்றாளின் குரலாகக் கேட்டது.

இதை எழுதத்தான் இந்த வாரம் பேனையை எடுத்தேன், ஆகவே எழுதிவிடுகிறேன். நான் கணிதம் படிப்பித்தவள். பிள்ளை வாசிக்கிறாளா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை இரண்டு வருஷமாக நான் ஏன் எடுக்கவில்லை? மெசின், இருட்டு, நாலாம் இலக்கம், எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் வாசிக்கப் பழகினால் ஒருநாள் அந்த லாச்சியையும் திறப்பாள் என்பது என் மனதின் ஏதோ ஒரு மூலைக்குத் தெரிந்திருந்தது. அந்த மூலையை நான் தட்டவில்லை. இது எந்த அளவுக்கு உண்மை என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமில்லாததால்தான் நித்திரை வருவதில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு நூல் எடுக்க லாச்சியைத் திறந்தேன். கடிதக் கட்டு இருந்தது. நீல நூலும் இருந்தது. நான் போடுவது தையற்காரியின் இறுக்கமான இரட்டை முடிச்சு. அதில் இருந்ததோ இரண்டு காது வைத்த சப்பாத்து முடிச்சு.

பள்ளிக்கூடத்துக்கு என்று அந்த மாதம்தான் அவளுக்குச் சப்பாத்து முடிச்சுப் பழக்கியிருந்தேன். இருந்தும் நானே ஞாபகமில்லாமல் இப்படிக் கட்டியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு லாச்சியைத் தள்ளினேன்.

ரயில்

பொங்கல் கழிந்து கொட்டிலுக்குப் போனோம். மழை விட்டிருந்தது. ரீச்சர் வேண்டுமென்றே அதே ரயில் பக்கத்தை விரித்தார்.

கௌரி விரலை வைத்தாள். "பு...கை. புகை. பு...கை...வண்..." நின்றாள். என் கை இரண்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. மெள்ள முணுமுணுத்துச் சொல்லிக் கொடுத்துவிடலாம், அவள் காது அதற்குப் பழகின காது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"புகை...வண்டி. புகைவண்டி பா...ல...த்...தின் மே...ல்..."

ஆறு வரி. எவ்வளவு நேரம் எடுத்தாள் என்று தெரியாது. வெளியே நின்ற தாய்மாருக்கு நன்றாகக் கேட்டிருக்கும், எட்டு வயதுப் பிள்ளை எழுத்துக் கூட்டுகிறது என்று. கேட்கட்டும் என்று இருந்தேன். முடிந்ததும் ரீச்சர் பெயர் பதியும் இடாப்பை எடுத்து ஆண்டு மூன்றில் அவள் பெயரை எழுதினார்.

இவருக்கு எழுதிய கடிதத்தில், கௌரியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன் என்று மட்டும் எழுதினேன். மற்றக் கதையை எழுதவில்லை.

கடைசி வரி

பதில் பங்குனியில் வந்தது. வெயில் காலம். பள்ளிக்கூடத்தால் வந்த கௌரி சாப்பிட்டுவிட்டு முக்காலியில் இருந்தாள். நான் கொலர் ஒன்றைப் பிரட்டிக்கொண்டிருந்தேன். கொண்டு வந்தவர் படலையால் தந்துவிட்டுப் போன கடிதம் மெசின் பலகையில் கிடந்தது.

"நான் வாசிக்கிறன்," என்றாள்.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு நியாயமும் இருக்கவில்லை. ஆண்டு மூன்றுப் பிள்ளை. வாசி என்றேன். கண்ணைக் கொலரில் வைத்துக்கொண்டேன்.

"அன்...புள்ள விம...லாவுக்கு." விமலா நான்தான். "ஒன்று. கௌரியைச் சே...ர்த்தது நல்லது. இர...ண்டு. இங்கி...லிசை விடக் கூ...டாது." தடக்கினாள், திரும்பப் போனாள், பிடித்தாள். கூட்டெழுத்து வந்த இடங்களில் மூச்சு வாங்கினாள். "நா...ன்கு. தமிழ் தா...னாய் வ...ரும். அத...ற்கு மி...ன...க்...கெட வே...ண்டாம்." நெற்றியில் வேர்வை. அந்த வரியை வாசித்து முடிக்க அவள் பட்ட பாட்டை அவர் பார்த்திருக்க வேண்டும்.

ஐந்து முடிந்தது. ஆறும் முடிந்தது. இனித் தாளில் ஒன்றும் இராது என்று எனக்குத் தெரியும். அவளுடைய வரி இராது. என் கால் மிதியில் நின்றுவிட்டது. என்ன சொல்லப் போகிறாள், என்ன கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

கௌரி தாளைச் சற்று உயர்த்திப் பிடித்தாள்.

"விமலா, நீர் கனக்கத் தைக்க வேண்டாம். கண் பழுதாப் போம். நேரத்துக்குச் சாப்பிடும். நான் வந்தாப் போலை மூண்டு பேருமாய்க் கீரிமலைக்குப் போவம்."

ஒரு சொல்லிலும் தடக்கவில்லை.

கீரிமலை என்ற சொல்லை அவர் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. அது நான் சேர்த்த சொல்.

நான் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. கொலரை மடியில் வைத்துவிட்டு, முதல் முறையாக, அவள் வாசிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் தாளுக்கு மேலால் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடைசி வரியை இன்னொருக்கா வாசி, பிள்ளை," என்றேன்.

கௌரி தாளில் கண்ணை வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, கணீரென்று வாசித்தாள்.